மலாக்காவில் பல்லாங்குழி

1989ஆம் ஆண்டில் மலேசிய மத்திய வங்கி வெளியிட்ட நாணய வரிசையில் ஐந்து காசில் பம்பரமும், ஐம்பது காசில் பட்டமும், பத்துக் காசில் படகு போன்று இரு முனையும் நிமிர்ந்த ஒரு குழிப்பலகையும் பொறிக்கப்பட்டிருந்தன. 2012ஆம் ஆண்டில் அடுத்த வரிசை புழக்கத்துக்கு வரும் வரையில், மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பலகையைச் சட்டைப் பையில் சுமந்து, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் கொடுத்து, மீதிச் சில்லறையில் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர் அதனைச் சொங்காக் என்பர். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த பாட்டிமாரோ அந்தக் காசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நம் பல்லாங்குழியைத்தானே இவர்கள் அச்சடித்திருக்கிறார்கள் என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுவார்கள்.

பாட்டிமார் சொன்னது பாதி உண்மை. இரண்டும் ஒரே குலத்தில் பிறந்த ஆட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒன்று மற்றொன்றின் மறுபெயரும் அன்று, ஒன்றிலிருந்து மற்றொன்று நேராகப் பிறந்தது என்று சொல்வதற்கும் போதிய ஆதாரம் இல்லை. அவற்றினிடையே உள்ள பேதங்களில் ஒன்று மிகப் பெரிது: பல்லாங்குழியில் ஒருவர் ஆட மற்றவர் காத்திருக்கிறார், சொங்காக்கில் முதல் ஓட்டத்தை இருவரும் ஏககாலத்தில் தொடங்குகிறார்கள். காத்திருப்பவர்களின் ஆட்டமும் கூடி ஓடுபவர்களின் ஆட்டமும் மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் எவ்வாறு சந்தித்தன என்பதும், சந்தித்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் உட்கார்ந்திருந்தது எதனால் என்பதுமே இக்கட்டுரையின் விஷயம்.

பல்லாங்குழியின் விதிகள் ஊருக்கு ஊர் மாறுமாயினும் அதன் சாமான்ய ரூபம் யாவரும் அறிந்ததே. வரிசைக்கு ஏழாக இரு வரிசைக் குழிகள்; குழிக்கு ஐந்து முத்தாக எழுபது முத்துக்கள். ஆடுகிறவர் தம் பக்கத்துக் குழியொன்றை அள்ளி ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் போட்டுக்கொண்டே சென்று, கை வெறுமையானதும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர்கிறார். அடுத்தது வெறுங்குழியாக இருக்குமானால் அதைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ளதை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை எதிராளியிடம் விட்டுவிடுகிறார். இடையில் எந்தக் குழியிலேனும் நான்கு முத்துச் சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ பசு அவருக்குச் சொந்தம். ஒரு கட்டம் முடிந்ததும், தோற்றவர் தம்மிடம் எஞ்சியதைக் கொண்டு நிரப்ப முடிந்த குழிகளை நிரப்பி, நிரப்ப முடியாதவற்றைத் துரும்பிட்டு அடைத்து, குறைந்த நிலத்தோடு மறுபடி உழத் தொடங்குகிறார். 1954இல் வெளிவந்த ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்னும் நூலில் தேவநேயப் பாவாணர் இந்த ஆட்டத்தின் வகைகளை விவரித்திருக்கிறார். தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றின் கல்தளத்தில், யாரோ பொழுது போகாதவர்கள் குடைந்த இரட்டை வரிசைக் குழிகளை இன்றும் காணலாம்.

சொங்காக்கிலும் வழக்கமாக வரிசைக்கு ஏழு குழிகளே. ஆனால் பலகையின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு. சிறுகுழி ஒவ்வொன்றிலும் ஏழு முத்தாகத் தொண்ணூற்றெட்டு முத்துக்களை இட்டு, இருவரும் கடிகார முள் செல்லும் திக்கில் போட்டுக்கொண்டே வருகிறார்கள். தம் பெருங்குழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு முத்தை இட வேண்டும். எதிராளியின் பெருங்குழியைத் தாண்டிச் செல்ல வேண்டும். கடைசி முத்து நிறைகுழியில் விழுந்தால் அதை அள்ளித் தொடரலாம். தம் பெருங்குழியிலேயே விழுந்தால் தம் பக்கத்தில் விரும்பிய குழியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். வெறுங்குழியில் விழுந்தால் ஓட்டம் முடிந்தது. அந்த முடிவை மலாய்க்காரர் ‘மாத்தி’ என்பர். மரணம் என்று பொருள். 1900ஆம் ஆண்டில் வெளியான ‘மலாய் மேஜிக்’ என்ற பெருநூலில், மந்திர தந்திரங்களை விஸ்தாரமாகத் தொகுத்த ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், இந்தச் சாதுவான விளையாட்டுக்கும் சிறிது இடம் கொடுத்திருக்கிறார்.

முதல் ஓட்டத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பழகியவர்கள் பெருங்குழிக்கு மிகவும் தொலைவில் உள்ள கடைக்குழியைத்தான் முதலில் அள்ளுவார்கள். ஆறு குழிகளைக் கடந்து ஏழாவது முத்து பெருங்குழியில் விழும், உடனே மறுபடி தொடங்கும் உரிமை கிடைக்கும். குழந்தைக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் சூட்சுமம் இதுவே. அதன் பின்னர்தான் உண்மையான ஓட்டம். இருவர் கைகளும் ஒரே திக்கில் சுற்றுவதால் அவை மோதிக்கொள்வதில்லை. ஒன்றை ஒன்று துரத்துகின்றன. நான் அள்ளப் போகும் குழியில் நான்கு முத்து இருப்பதைக் கண்ணால் எண்ணி, அந்த நான்காவது எங்கே போய் விழும் என்று கணக்கிட்டுக் கையை நீட்டுவதற்குள், எதிரே இருப்பவர் கை அங்கே ஐந்தாவதைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கும். கணக்கு கெட்டது, சில வேளை கெட்டதே நன்மையாகவும் முடியும். சதுரங்கத்தில் இல்லாத ஒரு சங்கதி இது: பலகை ஒரு கணமும் நிலைத்திருப்பதில்லை. அப்போது எதிராளி என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது. அவர் நின்றால் என் ஓட்டமும் ருசி கெடுகிறது; அவர் போடும் முத்துக்களே என் கையை மரணத்திலிருந்து தூக்கி அடுத்த குழிக்கு அனுப்புகின்றன.

இந்த ஏககால ஆரம்பம் மலாய்க்காரருக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் சுங்கா என்று ஆடப்படுவதிலும் இதே வழக்கமும் இதே பெருங்குழிகளும் உண்டு. ஜாவாவில் இதன் உடன்பிறப்புக்குத் தாக்கோன் என்று பெயர். மேற்கே வந்தால், இலங்கைச் சிங்களவர் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெளியவும், கன்னட நாட்டின் அளகுளி மணையும், ஆந்திரத்தின் வாமன குண்டலும் நம் பல்லாங்குழியின் பக்கத்தைச் சேர்ந்தவை. இன்னும் மேற்கே ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் இத்தகைய குழியாட்டங்கள் நூற்றுக்கணக்கான பெயர்களில் பரவிக் கிடக்கின்றன. ஆகவே வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் இரு வேறு குடும்பங்கள் இருந்திருக்கின்றன என்று கொள்வதே பொருந்தும். பழந்தமிழ் வணிகர் கப்பலேற்றிக் கொண்டுவந்து மலாய் நாட்டுக்கு அளித்த கொடையே சொங்காக் என்று நம்மவர் மேடையில் பேசுவதும், அராபியர் கொண்டுவந்ததென்று வேறு சிலர் எழுதுவதும், மலாக்கா சுல்தான்களின் அந்தப்புரத்தில் பிறந்ததென்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதும் அவரவர் அபிமானத்தின் பேச்சு. அபிமானம் குற்றமன்று, ஆனால் அது சரித்திரத்துக்குச் சாட்சி ஆகாது.

மலாக்கா அத்தகைய அபிமானங்களுக்கு இடங்கொடுக்கும் ஊர்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் குஜராத்தியரும் தமிழரும் ஜாவானியரும் சீனரும் பருவக்காற்றை எதிர்பார்த்து மாதக்கணக்கில் தங்கிய துறைமுகம் அது. மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வீதம் தீர்வை வாங்கி அரசு நடத்தியது. படகு வடிவான பலகையில் சுற்றி வரும் ஒவ்வொரு கையும் துறையைக் கடக்கும்போது ஒரு முத்தை வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கையில், அந்தச் சுங்கச்சாவடியின் நினைவு வராமல் போவதில்லை. காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டிய வியாபாரிகளுக்குப் பொழுதுபோக்குக்குக் குறைவிருந்திராது. 1511இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபோது, அவர்களுக்கு அனுகூலமாக இருந்த நைனா சட்டு என்ற தமிழ் வணிகரை அவர்களுடைய தளபதி அல்பூகர்க் பெண்டஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினார் என்பது பிரசித்தம்.

அந்தப் பழைய வணிகர் வழி வந்தோர் மலாக்காச் செட்டிகள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, தலைமுறைகள் கழிந்தபின் தமிழ்ப் பேச்சை இழந்து, மலாய் மொழியை வீட்டு மொழியாகக் கொண்டு, சாரோங்கும் கெபாயாவும் உடுத்து, ஆனாலும் சைவ நெறியையும் பொங்கலையும் போகியையும் விடாமல் காத்துவரும் அபூர்வ சமூகம் அது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1781ஆம் ஆண்டில், பொற்கொல்லர் தெருவில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் கட்டியதே. காஜா பேராங் பகுதியிலுள்ள அவர்களுடைய குடியிருப்பில் மாரியம்மனுக்கு விழா எடுக்கும் வீடுகளில், பலகை வைத்து ஆடுவதென்றால் அது சொங்காக்; பெருங்குழிக்கு ‘ரூமா’ என்றும், நின்றுபோனதற்கு ‘மாத்தி’ என்றும் மலாய்ச் சொற்களே. நெற்றியில் திருநீறு தமிழாகவும் விரல்நுனியில் முத்து மலாயாகவும் இருக்கும் அந்தக் காட்சியைக் கண்டு வருத்தப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. ஒரு ஜாதியார் எதை எவ்வளவு காலம் காப்பாற்றுவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். தெய்வத்தைக் காப்பாற்றினார்கள், ஆட்டத்தை அண்டை வீட்டாரிடம் வாங்கிக்கொண்டார்கள்.

பல்லாங்குழி மலாக்காவுக்கு வந்தது பிறகு, வேறு கப்பலில். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் யோசனையைக் கேட்டு, புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்துடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் மேலும் விஸ்தாரமான நிலத்தில் மரங்கள் எழுந்தன. மோட்டார் வண்டிகள் பெருகிய உலகம் ரப்பர் கேட்டது. ரப்பர் கைகளைக் கேட்டது. திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி அழைத்துவந்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையோ 1938இல் இந்திய அரசாங்கம் கூலிகள் ஏற்றுமதியைத் தடுக்கும் வரை நடந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அந்த ஜனங்களின் மூட்டையில் மரத்தாலோ பித்தளையாலோ ஆன பல்லாங்குழி இருந்திருக்க இடமில்லை. பெண்ணுக்குச் சீராகப் பலகை கொடுத்தனுப்பும் குடும்பங்கள் வேறு. கப்பலின் தளத்தில் படுத்து வந்த குடும்பங்கள் வேறு. விதிகளை மட்டும் கொண்டுவந்தார்கள். அதற்குச் சுமைகூலி இல்லை.

பலகைக்குத் தோட்டத்து மண் இருந்தது. லயத்தின் முன்வாசலில், மழையில் இறுகிய செம்மண்ணைக் கரண்டிக் காம்பால் கிளறி, கொட்டாங்கச்சியை அழுத்தித் திருகினால் வட்டமான குழி விழும்; பதினான்கு முறை திருகினால் பலகை ஆயிற்று. முத்துக்குக் கடையில் கடனுக்கு வாங்கிய புளியின் கொட்டை. அது போதாவிட்டால் சாகா மரத்தடியில் பொறுக்கிய சிவந்த மஞ்சாடி விதை. அதுவும் இல்லாவிட்டால் ரப்பர்க் கொட்டை. ரப்பர்க் காய் வெயிலில் ‘படீர்’ என்று வெடித்து மூன்று கொட்டைகளைத் தூர எறியும். பளபளப்பான தோலில் கபில நிறப் புள்ளியும் கோடும் ஓடிய அந்தக் கொட்டையைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழன் கையில் வைத்து அலறவைப்பார்கள்; அதே கொட்டையை மாலையில் பாட்டியிடம் முத்தாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். குழிக்கு ஐந்து என்றால் குழி நிரம்பி வழியுமளவு அது பெரிது. ஆகையால் ரப்பர்க் கொட்டையில் ஆடும்போது குழியை அகலமாகத் திருக வேண்டும். அதற்குக் கொட்டாங்கச்சி போதாது, பால் மங்கு வேண்டும். மரத்தில் பால் ஏந்தும் மங்கை விளையாட்டுக்கு எடுத்தால் கங்காணியிடம் வசவு நிச்சயம். உடைந்த மங்கு கிடைக்கும் வரை காத்திருப்பார்கள்.

தோட்டத்தில் காலம் ஆபீஸ் மணிக்குக் கட்டுப்பட்டது. விடியுமுன் தண்டா அடித்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசை நிற்க வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்குமாதலால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போக வேண்டும். வெட்டிய மரங்களில் முற்பகலில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது உடம்பில் மிச்சம் இருப்பது களைப்பு ஒன்றுதான். ஆணும் பெண்ணும் காட்டுக்குப் போன வீட்டில் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். பால் வெட்டும் வயது கடந்த ஒரு கிழவி அங்கே இருப்பாள். இந்த ஏற்பாட்டில்தான் பல்லாங்குழியின் சமூக ஸ்தானம் மாறியது என்று நினைக்கிறேன். தமிழகத்தில் சமவயதுப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, சிவராத்திரி இரவிலும் வளைகாப்பு வீட்டிலும் ஆடிய ஆட்டம், இங்கே நடு வயதுப் பெண்களுக்கு நேரமில்லாமையால் அவர்களைத் தாண்டி, கிழவிக்கும் குழந்தைக்கும் இடையே நிலைபெற்றது. மழை பெய்து மரம் நனைந்தால் மட்டும் தாய்மார்கள் வாசலில் உட்காருவார்கள். அன்று விளையாட்டு உண்டு, சம்பளம் இல்லை.

கிழவியும் குழந்தையும் ஆடினால் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தை எண்ணத் தெரியாமல் இரண்டைச் சேர்த்துப் போடும். வெறுங்குழியைத் துடைக்கச் சொன்னால் மண்ணை அள்ளும். பசு பழுத்திருப்பதைப் பாராமல் அதன் மேல் ஐந்தாவதைப் போடும். கிழவி இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பேற்று, தன் பசுவை எடுப்பதற்கு முன் குழந்தையின் பசுவை எடுத்துக் குழந்தையின் மடியில் போடுவாள். தமிழ்ப் பள்ளியில் சேருமுன்னரே தோட்டத்துப் பிள்ளைகள் நூறு வரை எண்ணியதற்கு அந்தக் கிழவிகளே உபாத்தியாயர்கள். சம்பளப் பட்டியலில் அந்த உத்தியோகம் இல்லை.

அவர்கள் காட்டிய வித்தைகளுள் ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. சீதைப் பாண்டி என்று ஓராட்டம் உண்டு. அசோக வனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்பர். ஒரு வரிசையின் ஏழு குழிகளிலும் முறையே ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என முத்துக்களை இட வேண்டும். எதிர் வரிசை வெறுமையாக இருக்கும். ஏழு உள்ள குழியை அள்ளி அடுத்த ஏழு குழிகளிலும் ஒவ்வொன்று போட்டுவிட்டுப் பார்த்தால், ஆறு இருந்த இடத்தில் ஏழும், ஐந்து இருந்த இடத்தில் ஆறும், கடைசியில் வெறுங்குழியாக இருந்ததில் ஒன்றும் அமைந்து, பழைய அணிவகுப்பே ஒரு குழி தள்ளி அப்படியே நிற்கும். மறுபடி ஏழை அள்ளினால் மறுபடி ஒரு குழி நகரும். பதினான்கு தடவை அள்ளியதும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இதில் வெற்றி இல்லை, தோல்வி இல்லை, முடிவும் இல்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் சென்றார்கள்; போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளைக் கண்ட பெண்களுக்குச் சீதையின் ஆட்டத்தைப் பற்றி யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருந்திராது.

இரு ஆட்டங்களும் சந்தித்தது எங்கே என்று கேட்டால், தோட்ட எல்லையில் என்று சொல்லலாம். மலாக்காவின் தோட்டங்கள் பல, பேராக்கிலோ பகாங்கிலோ உள்ளவற்றைப்போல் காட்டுக்குள் ஒதுங்கியவை அல்ல. ஜாசினிலும் அலோர்காஜாவிலும் தோட்டத்து வேலி முடியும் இடத்தில் மலாய்க் கிராமமாகிய கம்பத்தின் வாழையும் ரம்புத்தானும் தொடங்கும். பிள்ளைகளுக்கு வேலி ஒரு பொருட்டன்று. கம்பத்துச் சிறுவர்களும் மண்ணில் குழி தோண்டியே சொங்காக் ஆடினார்கள்; ரப்பர்க் கொட்டை அவர்களுக்கும் முத்துத்தான். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அவசரகாலம் பிறந்து, லயங்களைச் சுற்றி முள்வேலியும் மாலையில் ஊரடங்குச் சட்டமும் வந்த பிறகு, அந்திப் பொழுது வாசலுக்குள் அடங்கிற்று. பகலில் கம்பத்தில் கற்றதைப் பிள்ளைகள் அந்தியில் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ‘மாத்தி’ என்ற சொல் அப்படித்தான் லயத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். பெருங்குழியை ஏற்பதா என்பதில் பாட்டிமாருக்குத் தயக்கம் இருந்தது. மடி இருக்கக் குழி எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து புறப்படும் முதல் ஓட்டத்தைக் குழந்தைகள் விடவில்லை.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நான் பார்த்தது நினைவில் இருக்கிறது. ஆறு வயதுப் பேத்தி கையை வேகமாக ஓட்டிக்கொண்டு போக, எதிரே இருந்த மூதாட்டி முழங்கை வலியினால் இரண்டு குழி பின்தங்கி, “அடியே, நில்லுடி, என் கையும் வரட்டும்” என்றாள். பேத்தி நின்றாள், நின்றதால் அவள் எண்ணிவைத்த கணக்குப் போயிற்று, அடுத்து விழுந்தது வெறுங்குழி. “போச்சு ஆயா, உன்னாலதான்” என்று அழத் தொடங்கியவளை மூதாட்டி சமாதானப்படுத்தவில்லை. தன் கையில் மிஞ்சியிருந்த மூன்றையும் நிதானமாகப் போட்டு, மூன்றாவது விழுந்த நிறைகுழியை அள்ளி, “இந்தா, இது ரெண்டு பேருக்கும்” என்று பேத்தியின் உள்ளங்கையில் வைத்து ஓட்டத்தைத் தொடரச் சொன்னாள். சொங்காக்கிலும் பல்லாங்குழியிலும் இத்தகைய விதி கிடையாது. ஆனால் அதைக் கண்ட பிறகு, ஏககால ஆரம்பத்தைக் குழந்தைகள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்று எனக்கு விளங்கிற்று. முறை வைத்து ஆடினால் பெரியவர் எப்போதும் பெரியவரே. யோசிக்க அவருக்கு நேரம் உண்டு, குழந்தைக்கோ காத்திருக்கும் தண்டனை. சேர்ந்து ஓடும்போது பெரியவரின் யோசனை பாதி பயனற்றுப் போகிறது. குழந்தையின் கண்ணும் கையும் அவரை எட்டிப் பிடிக்கின்றன. யார் யாருக்கு உதவுகிறார் என்பது குழிக்குக் குழி மாறுகிறது.

பிற்காலச் சங்கதி சுருக்கமானது. ஐம்பதுகளில் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றன. எஞ்சியவற்றில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குக் கைகள் குறைவாகப் போதும். எழுபதுகளில் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபோது, லயத்துப் பெண்கள் பஸ் ஏறி இரவு முறைக்குப் போனார்கள். வெட்டுக்கத்தி போய் உருப்பெருக்கி வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியே அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தாள். சிமெண்டுத் தளத்தில் குழி விழாது. ஆகவே கடையில் விற்கும் பிளாஸ்டிக் பலகை வீட்டுக்கு வந்தது. நடுவில் மடித்து மூடக்கூடியது, கண்ணாடி முத்துக்கள் உறையில் தனி, இரு முனையிலும் பெருங்குழி. பல்லாங்குழி என்று கேட்டாலும் கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். இக்காலத்தில் மேல்நாட்டிலிருந்து வரும் பெட்டி விளையாட்டுகளில், எல்லாரும் ஒரு கட்சியாகச் சேர்ந்து மணற்கடிகாரம் வடியுமுன் ஒரு காரியத்தை முடிக்க வேண்டும் என்று ஒரு வகை உண்டாம். குழந்தையும் பெரியவரும் ஒருசேர ஆடத் தகுந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். விலை அதிகம். நல்ல யோசனைதான், ஆயினும் அதைப் புது யோசனை என்று யாரேனும் ஜாசினில் போய்ச் சொன்னால் எடுபடுமா என்பது சந்தேகம்.

பெருங்குழி வந்துவிட்டதனால் பாட்டிமார் பசுவை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. நகரத்து வீடுகளில் இன்று ஆடப்படுவது இரண்டும் கலந்த ஓர் ஆட்டம்: குழிக்கு ஏழு, முதல் ஓட்டம் இருவரும் சேர்ந்து, பிறகு முறை வைத்து, நான்கு சேர்ந்தால் பசு. இந்தக் கலப்பில் ஒரு சிக்கல் உண்டு. இருவர் கைகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால், குழிக்குச் சொந்தக்காரர் கை நிறைய முத்தை வைத்துக்கொண்டு அதை எவ்வாறு எடுப்பது? இடக்கையால் எடுக்கலாம் என்பது சில வீட்டு வழக்கம்; வாயால் ‘பசு’ என்று கூவினால் போதும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது வேறு சில வீட்டு வழக்கம். முதல் ஓட்டம் முடியும் வரை பசுவே கிடையாது, மேய்ந்துவிட்டுப் போகட்டும் என்று தள்ளிவிடுகிற வீடுகளும் உண்டு. பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் கூவும் கட்சி.